இந்தத் தொலைபேசி கடலுக்குப் போகுமா?

வெள்ளவத்தை
19 ஓகஸ்ட் 2024

அக்கா,

தாளில் எழுதிப் பழக்கமில்லை. இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது.

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். அன்றைக்கு நீங்கள் கத்தக் கத்த நான் தொலைபேசியை வைத்தது பிழை. ஆனால் இப்போது நீங்கள் எடுத்தாலும் என்னால் கதைக்க முடியாது. இந்த விடயம் பற்றித் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ உங்களோடு ஒரு சொல்லும் கூடாது என்று நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார்கள். செயலியை எழுதியவன் தம்பி. அதை வைத்துக்கொண்டு கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகிற மருத்துவமாது அக்கா. "ரெண்டு பேரும் கதைச்சு வச்சுச் சொன்ன மாதிரி வரும், லெனாட்" என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை.

அதனால் தாள்.

ஜெசிதா எப்படி இருக்கிறாள்? இதை முதல் வரியில் கேட்டிருக்க வேண்டும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதிவுகளைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்காக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை 30, உங்கள் கிளினிக். ஜெசிதாவுக்கு எட்டாம் மாதம். பிறஷர் எல்லையில் நிற்கிறது. சிறுநீர் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. மறுநாள் காலை 10.31க்கு முடிவு கிளவுட்டில் ஏறுகிறது. புரதம் மிக அதிகம். அதே நிமிடம் அவளுடைய தொலைபேசிக்குச் செய்தி: இன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். 10.42க்கு அங்கே 'அறிந்தேன்' என்ற பச்சைப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. நான்கு மணித்தியாலம் யாரும் அழுத்தாவிட்டால் மட்டுமே உங்கள் கைக்கணினியில், அந்த ரப்பில், சிவப்பு எரியும். அழுத்தப்பட்டதால் எரியவில்லை. ஓகஸ்ட் 2, வீட்டில் வலிப்பு. தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளையை முடியவில்லை.

செப்ரெம்பர் 24 விசாரணை என்று அறிந்தேன். ஒரு வசனம் போதும் அக்கா. தாய் செய்தியைப் பார்த்து உறுதிப்படுத்தியதாகக் கணினி காட்டியது. அதைச் சொன்னால் உங்கள் மேல் ஒன்றும் வராது. நிறுவனமும் அதைத்தான் சொல்லப்போகிறது.

பொய் இல்லைத்தானே.

லெனாட்

*

குருநகர்
27 ஓகஸ்ட் 2024

லெனாட்,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறினபடிதான் இருக்கிறது.

ஜெசிதா எழும்பி நடக்கிறாள். பிறஷர் இறங்கிவிட்டது. பால் கட்டி இரண்டு நாள் காய்ச்சல். பிள்ளை இல்லாவிட்டாலும் பால் வரும். உன் செயலியில் அதற்குப் பெட்டி இல்லை. துணி நனைத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

என்னிடம் அவள் ஒன்றும் கேட்கிறாள் இல்லை. ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நாளும் பாடமாக்கிக்கொண்டு போகிறேன். கேட்கிறாள் இல்லை. கடைசியில் நானே கேட்டேன், செய்தி ஒன்றும் வரவில்லையா என்று.

"நான் ஒண்டும் காணேல்லை அக்கா."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அவள் புருசன் ஜெரிசன் அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

நீ சொல்லச் சொன்ன வசனத்துக்கு வருகிறேன். தாய் பார்த்து உறுதிப்படுத்தினாள். எந்தத் தாய்? பச்சையை அழுத்தின விரல் யாருடையது என்று உன் கிளவுட் சொல்லுமா?

அந்த வீட்டில் இருப்பது ஒரு போன். காலை பத்து நாற்பத்திரண்டுக்கு அது எங்கே இருந்திருக்கும்? நீ வெள்ளவத்தையில் பிறந்தவன் என்றால் இதைக் கேட்க மாட்டேன். நீ குருநகரில் வலை வீசின சந்தியோகுவின் மகன். அப்பா கடல்தொழிலுக்குப் போகும்போது போனை எப்படிக் கட்டுவார்? இரண்டு பொலித்தீன் பை. அதற்கு மேல் சைக்கிள் ரியூப்பில் வெட்டின றப்பர். நம் வீட்டிலும் போன் என்பது வள்ளத்துச் சாமான். அம்மாவுக்கு ஒரு அவசரம் என்றால் பக்கத்து வீட்டு மக்டலீன் அன்ரியிடம் ஓடுவார்.

உன் கை முறிந்த நாள் ஞாபகமா? ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டு எண்ணுக்கு எடுத்தார்கள். வீட்டு எண் கடலில். இஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓம், ஓம், சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அங்கே கொப்பியில் எழுதினார்கள்: பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டு மணிவரை முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்திருந்தாய். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனது நான்.

பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டது. அந்த வசனத்துக்குத்தான் நீ பச்சை பூசி வைத்திருக்கிறாய்.

கிறிஸ்ரினா

*

வெள்ளவத்தை
3 செப்ரெம்பர் 2024

அக்கா,

அந்தக் கை மழைக்கு இன்னும் நோகும். அந்தக் கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.

எப்படி மறந்தேன் என்று யோசிக்கிறேன். கண்ணாடி அறை. வெள்ளைப் பலகை. ஒரு வட்டம் போட்டு 'தாய்' என்று எழுதினோம். அதிலிருந்து ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஒரு சதுரம், 'தொலைபேசி'. அந்தக் கோட்டை நான்தான் கீறினேன். கீறும்போது அப்பாவின் பொலித்தீன் பை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அழுத்தும் வரை ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் என் யோசனைதான். கவனிக்காமல் விட்டுவிடுவார்களே என்று.

ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். முன்பு அந்த முடிவு தாளில் வரும், ஆறு நாள் ஆகும் என்று நீங்களே சொன்னீர்கள். போன வருடம் இருபத்தேழு தாய்மார் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களுடைய பெயரும் பதிவில் இருக்கிறது. இதை எழுதியதற்காக நான் வெட்கப்பட வேண்டுமா, அக்கா? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா என்று தெரியவில்லை. ஓகஸ்ட் 4, பிற்பகல் 3.15க்கு அந்தத் தொலைபேசியிலிருந்து செய்தி அழிக்கப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் அழித்தாலும் எங்களிடம் இருக்கும் என்பது அழித்தவருக்குத் தெரியாது. நிறுவனத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்தார்கள், கவனிக்காமல் விட்டார்கள், பிறகு மறைத்தார்கள். கதை முடிந்தது. விசாரணைக்குத் தொலைபேசியைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள்.

இன்னும் மூன்று மாவட்டங்கள் இந்தச் செயலிக்காகக் காத்திருக்கின்றன.

லெனாட்

*

குருநகர்
12 செப்ரெம்பர் 2024

தம்பி,

வெட்கப்பட வேண்டாம். இருபத்தேழில் ஒருத்தி நம் ஒழுங்கை லோஜனின் பெண்சாதி. அந்தப் பிள்ளை இப்போது தவழ்கிறது. நானும் அதை மறக்கவில்லை.

ஜெரிசன் வந்தான். கிளினிக் முடிந்து சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிளைப் பிடித்தபடி மதிலோடு நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மிஸ்ஸி, நான்தான் அமத்தினனான்."

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"வலை ஏத்திக்கொண்டு நிக்கிறம். உது கத்திக்கொண்டே கிடக்கு. கூட நிண்டவன், 'உன்ரை மனுசியே உப்பிடிக் கத்துறா, வாயைப் பொத்தடா' எண்டு பகிடி விடுறான். பச்சையை அமத்தினால் நிக்கும். கை முழுக்கச் செதிள். கரைக்குப் போய் வாசிப்பம் எண்டு நினைச்சன்."

"கரைக்கு வந்து?"

"அண்டைக்கு நல்ல மீன், மிஸ்ஸி. விலை பேசி வித்துப்போட்டு வீட்டை வந்து படுத்திட்டன். மறந்துபோனன்."

செய்தியை ஏன் அழித்தாய் என்று கேட்டேன். திகைத்துப் போனான். "நான் அழிக்கேல்லை. சத்தியமா இல்லை. நானே ஒவ்வொருநாளும் தேடுறன், காணேல்லை."

"தேடி என்ன செய்யப்போறாய்?"

"வாசிக்க."

பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சொன்னான், "ஜெசிதாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவளுக்குத் தெரிஞ்சால் நான் அந்த வீட்டிலை இருக்கேலாது."

யார் அழித்தது என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. நீ சொன்ன வசனத்தை நான் சொன்னால், அடுத்த கேள்வி யார் அழுத்தியது என்பது. அதற்கு அடுத்தது ஜெரிசன். அவளுடைய தாய் தகப்பன் முன்னால், ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கேட்க. பிள்ளை போய்விட்டது. மிச்சம் இருப்பது அவர்கள் இரண்டு பேர்.

நான் எழுதாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பதிவுப் படிவத்தில் அவள் சொன்ன எண்ணை அடித்தது நான். அது யாருடைய கையில் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. நானும் சந்தியோகுவின் மகள்தான்.

முதலாம் திகதி, வலிப்புக்கு முதல் நாள், அவளுடைய ஒழுங்கை முகப்பில் நின்றேன். பிறஷர் எல்லையில் நின்றவளை மூன்றாம் நாள் போய்ப் பார்ப்பது என் வழக்கம். பதினொரு வருட வழக்கம். ஸ்கூட்டியை நிறுத்தி ரப்பைத் திறந்தேன். ஜெசிதாவின் பெயரில் பச்சை. அடுத்த ஒழுங்கைக்குத் திருப்பினேன். அவளுடைய வீட்டுக் கூரை தெரிந்தது, லெனாட்.

விசாரணையில் இதைச் சொல்லப்போகிறேன். போகவேண்டியவள் போகவில்லை என்று. இடம் மாற்றுவார்கள், சம்பள உயர்வை நிற்பாட்டுவார்கள். என்னை எங்கே தூக்கிப் போட்டாலும் பிள்ளை பெறுகிற பெண்கள் இருப்பார்கள்.

ஜெரிசன் சொன்னது உனக்கு மட்டும். எங்கும் பதியாதே.

கிறிஸ்ரினா

*

வெள்ளவத்தை
17 செப்ரெம்பர் 2024

அக்கா,

செய்யாதீர்கள்.

பச்சையைப் பார்த்தால் திரும்பலாம் என்று உங்களுக்குச் சொல்லித்தந்தது யார்? மூன்று நாள் பயிற்சி. திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். 'பச்சை என்றால் உங்கள் நேரம் மிச்சம்.' எல்லா மருத்துவமாதரும் கை தட்டினார்கள். நீங்களும்.

உங்கள் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பகல் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேலாளர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஏன் தம்பி சோறு அப்பிடியே கிடக்கு?" என்றார். சொல்லியிருக்கலாம். கத்தரிக்காய் கசக்குது என்றேன்.

விசாரணையில் நான் சொல்ல இடமில்லை. என்னைக் கூப்பிடவில்லை. நிறுவனத்தின் அறிக்கை போய்விட்டது. அதில் என் பெயரும் இல்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்று செய்வேன்.

24ஆம் திகதி வரை எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். இது மட்டும்.

லெனாட்

*

குருநகர்
25 செப்ரெம்பர் 2024

தம்பி,

எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை?

விசாரணைக்கு மூன்று பேர் இருந்தார்கள். பெரிய மேசை. நான் பாடமாக்கிக்கொண்டு போனதைச் சொல்ல வாயெடுத்தேன். "இருங்கோ மிஸ்ஸி, இன்னொரு கடிதம் வந்திருக்கு" என்று நடுவில் இருந்த டொக்டர் அம்மா ஒரு தாளை எடுத்து வாசித்தார். முதல் வரியிலேயே உன்னைத் தெரிந்துகொண்டேன். தட்டச்சு செய்திருந்தாய். அந்த மட்டில் நல்லது. உன் கையெழுத்தில் என்றால் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

"இந்தப் பொத்தானை யார் அழுத்தினார் என்பது எங்களுக்குத் தெரியாது. அதை அறியும் வழியை நான் வைக்கவில்லை. அது செய்தியைப் பார்த்ததற்கான சாட்சி அல்ல, சத்தத்தை நிறுத்தியதற்கான சாட்சி மட்டுமே. பச்சையைக் கண்டால் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று மருத்துவமாதருக்குப் பயிற்சி கொடுத்தவனும் நான். வள்ளம் ஓடுகிற வீட்டில் வளர்ந்தவன். தொலைபேசி கடலுக்குப் போகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

இதை வாசித்துவிட்டு டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த ஐயா, "உந்த லெனாட் உங்கடை ஆரும் சொந்தமோ?" என்றார்.

"ஓம். தம்பி."

"அப்ப உங்கடை தம்பி இனி வேலை தேட வேண்டி வரும் போல."

நான் ஒழுங்கை முகப்பில் திரும்பியதையும் சொன்னேன். மறைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும். இடமாற்றம் இல்லை.

ஜெரிசன் வெளியே வேம்புக்குக் கீழே குந்தியிருந்தான். மடியில் போன். அதே பொலித்தீன் பை, அதே றப்பர். கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறான். பியோன் போய், "உது தேவையில்லையாம், வீட்டை போம்" என்றார். அவன் எழும்பவில்லை. பிறகு நான் போய், வா என்றேன். எழும்பினான்.

உன் வேலை போய்விட்டதா? உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இதற்குப் பதிலைத் தாளிலேயே எழுது. போனில் நீ எப்போதும் "ஒண்டுமில்லை" என்பாய்.

இனிப் பதிவு எழுதும்போது நான் கேட்கிற மாதிரியே கேள். மாற்று இலக்கம், தொடர்பாளர் என்று எழுதினால் ஒருத்திக்கும் விளங்காது. இந்தத் தொலைபேசி கடலுக்குப் போகுமா? அவ்வளவுதான் கேள்வி.

அக்கா

*

வெள்ளவத்தை
6 ஒக்ரோபர் 2024

அக்கா,

வேலை போகவில்லை. போகும் என்றுதான் மேசை இலாச்சியைத் துப்புரவாக்கினேன்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "என்னட்டைக் கேட்டிருக்கலாமே?" கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். "வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார். பிறகு, அந்தக் கடிதத்தைத் தானும் வாசித்ததாகவும், பிழையைத் திருத்தாமல் என்னை அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னார். அடுத்த மாவட்டங்கள் மூன்றும் தள்ளிப் போய்விட்டன. என்னோடு பலர் சாப்பிட வருவதில்லை. அது பரவாயில்லை.

பச்சைப் பொத்தானை எடுத்துவிட்டேன். இனி யார் எதை அழுத்தினாலும் உங்கள் ரப்பில் சிவப்பு அணையாது. தாய் ஆஸ்பத்திரி வாசலில் வந்து, அங்கே அவளுடைய பெயரைப் பதிந்த பிறகுதான் அணையும்.

உங்கள் கேள்வியை அப்படியே வைத்தேன். கூட்டத்தில் சிரித்தார்கள். "கடல் இல்லாத உரும்பிராயிலை என்ன கேக்கிறது, தோட்டத்துக்குப் போகுமா எண்டோ?" ஓம் என்றேன். அங்கே அப்படித்தான் கேட்க வேண்டும். சிரிப்பு நின்றது.

அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. போகும் என்றால், கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

வெள்ளைப் பலகையில் அந்தப் பழைய கோடு இன்னும் மங்கலாகக் கிடக்கிறது. துடைக்கவில்லை.

லெனாட்

*

குருநகர்
9 மார்ச் 2025

லெனாட்,

போனில் கிழமைக்கு இரண்டு தரம் கதைக்கிறோம். ஆனாலும் இதைத் தாளில்தான் எழுத வேண்டும். ஏன் என்று விளங்கும்.

முதலில் நல்ல செய்தி. போன மாதம் ஒருத்திக்கு ஜெசிதாவுக்கு வந்ததே வந்தது. அவளுடைய புருசன் கடலில், போனும் கடலில். சிவப்பு என் ரப்பிலும், கரைப் பெட்டியில் எழுதியிருந்த மக்டலீன் அன்ரியின் போனிலும் ஒன்றாக எரிந்தது. நான் போகுமுன் அன்ரி ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். போகிற வழி முழுக்க, "உந்தப் போன் என்னைக் கொல்லப் பாக்குது, நிப்பாட்டவும் ஏலாமல் கிடக்கு" என்று பேசிக்கொண்டே போனாராம். தாயும் பிள்ளையும் சுகம். பெண்பிள்ளை. உனக்கு இது எண்ணாகத்தான் வரும். எனக்குப் பிள்ளையின் காது எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

இப்போது எல்லா வீட்டையும் புதிதாகப் பதிகிறோம். கர்ப்பிணி என்றில்லை, எல்லோரையும். உன் கேள்விக்கு ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. "போனும் போகும், மனுசனும் போவார், நான்தான் இதிலையே கிடக்கிறன், அதையும் எழுதுங்கோ" என்றாள் ஒருத்தி.

நேற்று ஜெசிதா வீடு. ஜெரிசன் தொழிலுக்குப் போயிருந்தான். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியை வாசித்தேன். கத்தியை வைத்தாள்.

"உதை ஆர் போட்டது, அக்கா?"

"என்ரை தம்பி."

கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலை, மூண்டாம் நாள் பின்னேரம். அவர் வாங்கிலை இருந்தபடி நித்திரையாப் போனார். போனை எடுத்துப் பாத்தனான். செய்தி கிடந்தது. பச்சை கிடந்தது. நேரமும் கிடந்தது. அந்த நேரம் அவர் எங்கை நிண்டிருப்பார் எண்டு எனக்குத் தெரியாதோ? நான்தான் அழிச்சனான்."

ரப்பைக் கீழே வைத்தேன்.

"வச்சிருந்தால் மனுசன் திறந்து திறந்து பாப்பார், அக்கா. பாத்தே செத்துப்போவார். நான் பாத்தது அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

அவன் மதிலோடு நின்று கேட்டதும் இதேதான். இரண்டு பேருக்கும் ஓம் என்றிருக்கிறேன். உன் கிளவுட்டில் அந்த 3.15 இன்னும் கிடக்கும். கிடக்கட்டும். யாராவது கேட்டால் உனக்குத் தெரியாது.

பிறகு கேள்விக்கு வந்தோம். இப்போது ஜெரிசன் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறானாம். "இல்லை" என்று அழுத்தப்போனேன். என் கையைப் பிடித்தாள்.

"வச்சிட்டுத்தான் வெளிக்கிடுவார். நான் பையிலை போட்டு, றப்பரும் போட்டு, பின்னாலை ஓடிப்போய்க் குடுத்துவிடுறனான். கடலிலை அவருக்கு ஒண்டெண்டால் எனக்கு ஆர் சொல்லுறது? ஓம் எண்டு போடுங்கோ, அக்கா. போகும்."

போட்டேன். கீழே உன் இரண்டாவது பெட்டி திறந்தது. கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வாசித்தேன்.

"உங்களுக்கு" என்றாள்.

அன்றைக்கு அந்த ஒழுங்கை முகப்பில் திரும்பியவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். விசாரணையில் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். மீன் வெட்டப் போய்விட்டாள். நான் ரப்பை மடியில் வைத்துக்கொண்டு, என்னுடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன். இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அக்கா